காகேதியின் மண் தாழிகள்

காகசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே இருக்கும் ஜார்ஜியா நாட்டின் கிழக்குக் கோடி மாகாணம் காகேதி. வடக்கே பனி மூடிய மலை, அதற்கு அப்பால் ரஷ்யாவின் தாகெஸ்தான். தெற்கே கோம்போரி குன்றுகள். இரண்டுக்கும் நடுவே அலசானி ஆறு பாயும் அகன்ற சமவெளியில் கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைக் கொடிகள்தான். நாட்டின் ஒயின் திராட்சையில் பெரும்பங்கு இந்த ஒரு மாகாணத்தில் விளைகிறது. ஒயின் நாடு ஒன்றைப் பார்த்து வர விரும்பும் பயணிகள் பிரான்சையும் இத்தாலியையும் முதலில் நினைப்பது வழக்கம். ஒயின் செய்யும் மிகப் பழைய முறைகளில் ஒன்று இன்றும் வீட்டுக்கு வீடு நடப்பதைப் பார்க்க வேண்டுமானால், போக வேண்டிய இடம் காகேதி.

பழமை என்பது இங்கே வெறும் பெருமைப் பேச்சு இல்லை. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கடாச்ரிலி கோரா, ஷுலாவேரி கோரா என்ற இரண்டு புதிய கற்கால மேடுகள் உள்ளன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஊறியிருந்த பொருள்களை அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மெக்கவர்னும் அவருடைய குழுவினரும் வேதியியல் முறையில் சோதித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திராட்சையின் அடையாளமாகக் கொள்ளப்படும் டார்டாரிக் அமிலத்தின் தடயம் அந்த ஓடுகளில் இருந்தது. அவற்றின் காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை. திராட்சை ஒயினுக்கு வேதியியல் சான்று கிடைத்த இடங்களில் அப்போது மிகப் பழையதாக இதுவே அறிவிக்கப்பட்டது. அதுவரை அந்தப் பெயர் ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதி ஊர் ஒன்றுக்கு இருந்தது.

அந்தப் பானைகளின் வழியில் வந்ததுதான் இன்றைய குவெவ்ரி. கழுத்து வரை மண்ணில் புதைக்கப்படும் பெரிய மண் தாழி இது. மேலே அகன்று, அடியில் கூம்பி, கைப்பிடி இல்லாமல் இருக்கும். நூறு லிட்டர் கொள்ளும் சிறியவையும் உண்டு, மூவாயிரம் லிட்டரைத் தாண்டும் பெரியவையும் உண்டு. இவ்வளவு பெரிய தாழியைச் சக்கரத்தில் வனைய முடியாது. குயவர் களிமண்ணைத் திரியாக உருட்டி, ஒரு வளையத்தின் மேல் இன்னொரு வளையமாக ஏற்றிக் கையாலேயே சுவரை இழைக்கிறார். கீழ்ப்பகுதி காய்ந்து பாரம் தாங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த வளையம். அதனால் ஒரு பெரிய தாழி எழும்ப வாரக்கணக்கில் ஆகும். பிறகு பல தாழிகளை ஒன்றாகச் சூளையில் அடுக்கி, விறகுத் தீயில் ஏறத்தாழ ஒரு வாரம் சுடுகிறார்கள். சூடு முழுவதும் ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூசப்படுகிறது. சூட்டில் உருகும் மெழுகு மண்ணின் பெரிய துளைகளை மட்டும் அடைக்கும், தாழி கொஞ்சம் மூச்சு விடவும் இடம் இருக்கும். இந்தத் தொழில் தெரிந்த குடும்பங்கள் நாட்டில் மிகக் குறைவு. தெலாவி நகருக்குப் பக்கத்தில் உள்ள வர்திசுபானி அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. தாழி வனைபவர் இல்லாமல் இந்த ஒயினே இல்லை என்பதால், காகேதி போகிறவர்கள் முதலில் குயவர் வீட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் ஒயின் வீட்டுக்குப் போவது நல்லது.

ஒயின் செய்யும் அறைக்கு மரானி என்று பெயர். உள்ளே நுழைந்தால் பீப்பாய் வரிசைகள் எதுவும் இருக்காது. மண் தரையும் அதில் ஆங்காங்கே வட்ட வாய்களும் மட்டும் தெரியும். தாழி தரைக்குக் கீழே இருக்கிறது. நிலத்துக்கடியில் கோடையிலும் குளிரிலும் வெப்பநிலை பெரிதாக மாறாது என்பதால் குளிரூட்டும் இயந்திரம் தேவைப்படுவதில்லை.

அறுவடைக்கு ருத்வேலி என்று பெயர். காகேதியில் அது செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். பறித்த குலைகளை, குடைந்த மரத்தடியால் ஆன தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். பல வீடுகளில் இப்போது கைப்பொறி வந்துவிட்டது. சாறு தாழிக்குள் இறங்கும்போது தோல், விதை, பல சமயம் காம்பு என்று சக்கை முழுவதும் சேர்ந்தே இறங்குகிறது. மற்ற நாடுகளில் வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். காகேதி வேறுபடுவது இங்கேதான். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. தோலில் படிந்திருக்கும் ஈஸ்டே சில நாள்களில் வேலையைத் தொடங்கிவிடும். நொதிக்கும்போது சக்கை மேலே திரண்டு மிதக்கும். நீண்ட மரக்கழியால் அதை ஒரு நாளைக்குப் பலமுறை உள்ளே அமுக்கிவிட வேண்டும். இரவில் எழுந்து வந்து அமுக்குகிற வீடுகளும் உண்டு. நொதித்தல் அடங்கியதும் சக்கை கீழே இறங்கிவிடும். பிறகு கல் மூடியோ மர மூடியோ வைத்து, ஓரத்தில் களிமண் அப்பி மூடிவிடுகிறார்கள். ஐந்தாறு மாதம் யாரும் தொடுவதில்லை.

அடி கூம்பியிருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும். கனமான விதைகள் முதலில் கூம்பின் நுனிக்குப் போய்ச் சேர்கின்றன. அவற்றின் மேல் ஈஸ்ட் வண்டலும் தோலும் படிகின்றன. கசப்பு மிகுந்த விதைகள் இப்படி ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவதால், மாதக்கணக்கில் சக்கையோடு கிடந்தாலும் ஒயினில் கசப்பு ஏறுவதில்லை. வடிகட்டும் கருவி எதுவும் இல்லாமல் தானாகத் தெளியும் இந்த ஏற்பாட்டை எத்தனை தலைமுறைகள் கைப்பழக்கத்திலேயே கண்டுபிடித்தன என்று எண்ணும்போது வியப்பு அடங்குவதில்லை. வசந்தத்தில் மூடியைத் திறந்து தெளிந்த ஒயினை எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சிய சக்கையைக் காய்ச்சி வடித்தால் சாச்சா என்ற கடும் சாராயம் கிடைக்கிறது.

கடினமான வேலை அதற்குப் பிறகு வருகிறது. தாழியைத் தோண்டி எடுத்துக் கழுவ முடியாது. பெரிய தாழியானால் ஆள் உள்ளே இறங்கிக் கழுவுகிறார். சிறியதானால் செர்ரி மரப்பட்டையை அடுக்கடுக்காகக் கட்டிய தூரிகையை நீண்ட கழியில் பொருத்தி மேலிருந்தே தேய்க்கிறார்கள். சுண்ணாம்பு நீரும் சாம்பல் நீரும் பயன்படுகின்றன, கடைசியில் கந்தகத் திரி கொளுத்திப் புகை காட்டுவார்கள். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய தெளிவோடு திரும்பி வரும்வரை கழுவல் நிற்காது. இதில் சோம்பல் பட்டால் அடுத்த ஆண்டு ஒயின் புளித்துப்போகும், நெடி அடிக்கும். குவெவ்ரி என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாம் நல்ல ஒயின் என்று நம்பிவிடக் கூடாது. கழுவத் தெரிந்தவரின் தாழியில்தான் நல்ல ஒயின் இருக்கும்.

இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலி பகுதியைச் சேர்ந்த யோஷ்கோ கிராவ்னர், நவீன கருவிகளோடு பெயர் பெற்ற ஒயின்காரர். அவர் 2000-இல் ஜார்ஜியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு முதல் புதைத்த தாழிகளுக்கே மாறிக்கொண்டார். ஐரோப்பிய ஒயின் உலகம் ஜார்ஜியாவைத் திரும்பிப் பார்த்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

வெள்ளைத் திராட்சை மாதக்கணக்கில் தோலோடு ஊறினால், ஒயின் வெள்ளையாக இருப்பதில்லை. தேன் நிறத்துக்கும் செம்பொன் நிறத்துக்கும் நடுவில் நிற்கும். அதனால் இதை அம்பர் ஒயின் என்கிறார்கள். முதல் வாய் பலருக்குப் பிடிப்பதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை ஒயினின் குளிர்ந்த புளிப்பை எதிர்பார்க்கிற நாக்குக்கு, பால் சேர்க்காத கெட்டித் தேநீர்போல ஈறுகளைப் பிடிக்கும் துவர்ப்பு வந்து சேரும். அதை விழுங்காமல் சிறிது நேரம் வாயில் வைத்திருந்தால் துவர்ப்புக்குப் பின்னால் உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், வால்நட், தேன் என்று மணங்கள் ஒவ்வொன்றாக எழும். மிகக் குளிர வைத்தால் துவர்ப்பு மட்டும் தூக்கலாகி மணம் ஒடுங்கிவிடும். தாழியிலிருந்து எடுத்த குளுமை போதும். இரண்டாவது கோப்பை ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியோடு வரட்டும், தீர்ப்பை அதுவரை தள்ளிவைக்கலாம்.

ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை வகைகள் 525 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. காகேதியில் பயணி தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று நான்குதான். வெள்ளையில் ரகத்சிதேலி முதன்மையானது. புளிப்பும் உரமும் கொண்ட இது தாழிக்கென்றே பிறந்தது என்று சொல்லலாம். மணத்துக்காக அதோடு மத்ஸ்வானேயைச் சேர்ப்பார்கள். ஏறக்குறைய கைவிடப்பட்டு, அண்மைக் காலத்தில் மீண்டு வந்த கிசி என்ற வகையைக் கண்டால் விடக் கூடாது. காகேதி அம்பர் ஒயின்களில் மிகவும் நயமானது அதுவே. சிவப்பில் அரசன் சப்பெராவி. பெரும்பாலான கருந்திராட்சைகளுக்கு நிறம் தோலில் மட்டும் இருக்கும், சப்பெராவிக்குச் சதையிலும் நிறம் உண்டு. கோப்பையில் ஊற்றினால் கறுப்பாகவே தெரியும். பல்லிலும் உதட்டிலும் சாயம் ஒட்டிக்கொள்ளும். புட்டிகளில் காணும் வேறு சில பெயர்கள் திராட்சையின் பெயர்கள் இல்லை, இடத்தின் பெயர்கள். முகுசானி என்றால் ஓக் பீப்பாயில் முதிர்ந்த, இனிப்பில்லாத சப்பெராவி. கிண்ட்ஸ்மராவுலி என்றால் க்வாரெலி பக்கத்தில் விளையும், பாதி இனிப்பான சப்பெராவி. சினாந்தலி இனிப்பில்லாத வெள்ளை. இனிப்பு ஒயின் தேடுகிறவர்கள் கிண்ட்ஸ்மராவுலியிலிருந்து தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது.

இந்தக் கொடிகள் தப்பிப் பிழைத்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1614 முதல் 1617 வரை பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் படைகள் காகேதியை மீண்டும் மீண்டும் தாக்கின. ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள், ஏராளமானோர் ஈரானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், தோட்டங்கள் அழிக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் வேறு வகைச் சேதம் வந்தது. சோவியத் ஆட்சியில் கூட்டுப்பண்ணைகளும் அரசு ஆலைகளும் தரத்தைவிட அளவையே கேட்டன, அதிகம் காய்க்கிற சில வகைகளைத் தவிர மற்றவை ஒதுக்கப்பட்டன. 1985-இல் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்களே பிடுங்கப்பட்டன. அந்தக் காலம் முழுக்க மற்ற வகைகளும் தாழி முறையும் உயிரோடு இருந்தது வீட்டுத் தோட்டங்களில்தான். குடும்பத் தேவைக்கென்று விட்டுவைக்கப்பட்ட சிறு துண்டு நிலங்களில், விற்பனைக்கு அல்லாமல் வீட்டு விருந்துக்காக, பாட்டன் செய்தபடியே செய்துவந்தார்கள். 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தது. ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்த ஒரு நாட்டுக்கே போய்க்கொண்டிருந்ததால் அடி பலமாக விழுந்தது. ஆனால் 2013-இல் தடை நீங்குவதற்குள் ஜார்ஜியர்கள் மற்ற நாடுகளில் வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டார்கள். அந்த வாடிக்கையாளர் கேட்டது மலிவான இனிப்பு ஒயினை அல்ல. வீட்டுத் தாழிக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

திபிலிசியிலிருந்து காகேதிக்குப் போக இரண்டு வழிகள். சமவெளி வழியாகத் தென்கிழக்கே போனால் சுமார் 110 கிலோமீட்டரில் சிக்நாகி வரும். மதில் சூழ்ந்த குன்றின் மேல் சிறு நகரம். மதிலில் நின்றால் அலசானிச் சமவெளி முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அங்குள்ள அருங்காட்சியகத்தில் காகேதி மண்ணில் பிறந்த ஓவியர் நிகோ பிரோஸ்மானியின் படங்கள் உள்ளன. விருந்து மேசைகளை அவரைப்போல வரைந்தவர் இல்லை. பக்கத்திலேயே போத்பே மடம், ஜார்ஜியாவுக்குக் கிறித்தவம் கொண்டுவந்த புனித நினோவின் கல்லறை அங்கே இருக்கிறது. திராட்சைக் கொடித்தண்டுகளைத் தன் தலைமுடியால் கட்டி அவர் சிலுவை செய்தார் என்பது மரபு. அந்த நாட்டில் கொடி எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இன்னொரு வழி கோம்போரி கணவாய் ஏறி இறங்கி நேரே தெலாவிக்குப் போவது. காடும் வளைவும் நிறைந்த பாதை, பனிக்காலத்தில் கவனம் வேண்டும். மர்ஷ்ருட்கா எனப்படும் சிற்றுந்துகள் இரண்டு ஊர்களுக்கும் போகின்றன. ஆனால் கிராமத்து மரானிகளுக்கு அவை போவதில்லை. உள்ளூர் ஓட்டுநரோடு ஒரு காரைப் பேசிக்கொள்வதே சரி. ஒயின் ருசிக்கிற நாளில் தானே வண்டி ஓட்டுவது பற்றி நினைக்கவே கூடாது.

தெலாவியை மையமாக வைத்துக்கொண்டால் சினாந்தலி கிட்டத்தில் இருக்கிறது. கவிஞரும் படைத்தலைவருமான அலெக்சாந்தர் சாவ்சாவாத்சேயின் மாளிகை அது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பிய முறை ஒயினை, புட்டியில் அடைத்து முதிர வைக்கும் வழக்கத்தோடு, அவர் இங்கே கொண்டுவந்தார். அங்குள்ள நிலவறையில் 1841-ஆம் ஆண்டுச் சப்பெராவியும் பாதுகாக்கப்படுகிறது. ரஷ்ய நாடக ஆசிரியர் கிரிபயேதோவ் மணந்தது அவருடைய மகளைத்தான். 1854-இல், மலைக்கு அப்பால் ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டுவந்த இமாம் ஷமிலின் வீரர்கள் மலை இறங்கி வந்து இந்த மாளிகையைக் கொள்ளையிட்டு, வீட்டுப் பெண்களைச் சிறைபிடித்துப் போனார்கள். ரஷ்யர்கள் பிடித்து வைத்திருந்த ஷமிலின் மகனை ஒப்படைத்த பிறகே, 1855-இல் அவர்கள் திரும்பினார்கள்.

வடக்கே அலாவெர்தி. 11-ஆம் நூற்றாண்டுப் பேராலயம், சமவெளியின் நடுவே மிக உயரமாக நிற்கிறது. அதன் மதிலுக்குள் துறவிகளே தாழிகளில் ஒயின் செய்கிறார்கள். அரைக்கால்சட்டை கூடாது, பெண்கள் தலையை மறைக்க வேண்டும். க்வாரெலியில் மலையைக் குடைந்த 7.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்களில் ஒரு பெரிய நிறுவனம் ஒயின் வைத்திருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அங்கே போகின்றன. ஒரு முறை பார்க்கலாம், அதிலேயே அரைநாளைக் கழிக்க வேண்டியதில்லை.

காகேதியின் உண்மையான ருசி வீட்டு மரானியில்தான் கிடைக்கும். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைத்தால் சிறு குடும்பங்கள் வரவேற்கும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும், மூன்றாவது வீட்டில் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. வீட்டுக்காரர் தாழியின் வாயில் உள்ள களிமண்ணைச் சுரண்டி, மூடியை நகர்த்தி, காய்ந்த சுரைக்குடுக்கையில் நீண்ட கழி பொருத்திய அகப்பையை உள்ளே விட்டு மொண்டு தருவார். தாழிக்குள் எட்டிப் பார்த்தால் இருட்டில் ஒயினின் மேற்பரப்பு மட்டும் மினுங்கும். கோப்பையை வெளிச்சத்துக்குக் காட்டி நிறம் பார்க்க வேண்டும், சுழற்றி முகர வேண்டும், பிறகுதான் வாய். இலேசானதிலிருந்து கனமானதற்கு, அதாவது தாழி படாத வெள்ளை, அம்பர், சப்பெராவி, கடைசியில் சாச்சா என்ற வரிசையில் போவது நல்லது. சாச்சாவை முதலில் குடித்தால் அன்றைய ருசி அதோடு முடிந்தது. எந்த வகை, எத்தனை மாதம் தோலோடு இருந்தது, காம்பு சேர்த்தார்களா, கந்தகம் எவ்வளவு என்ற நான்கு கேள்விகளைக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து பேசத் தொடங்கிவிடுவார். சாலையோரத்தில் பிளாஸ்டிக் புட்டிகளில் விற்பதை மட்டும் தவிர்த்துவிடலாம். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ருசி பார்த்தல் என்று தொடங்குவது பெரும்பாலும் சாப்பாட்டில் போய் முடியும். சுப்ரா என்ற ஜார்ஜிய விருந்தில் யாரும் தம் விருப்பப்படி கோப்பையைத் தூக்குவதில்லை. தமாதா என்று ஒருவர் மேசைக்குத் தலைவராக இருந்து, கடவுள், அமைதி, நாடு, இறந்தவர்கள், குழந்தைகள், விருந்தினர் என்று ஒவ்வொன்றுக்காகவும் பேசுவார். பேச்சு முடிந்த பிறகுதான் ‘கௌமர்ஜோஸ்’ என்று எல்லோரும் குடிப்பார்கள். இறந்தவர்களுக்கான பேச்சின்போது மேசையே அடங்கிவிடும். விருந்தினரும் இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கும், தயாராகப் போக வேண்டும். கோப்பையை முழுதாகக் காலி செய்யும்படி அன்பாக வற்புறுத்துவார்கள். போதும் என்பவர் நெஞ்சில் கை வைத்து ஒரு வாய் மட்டும் குடித்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வெட்டிய கொடித்தண்டுகளை எரித்த தணலில் சுட்ட இறைச்சி அந்த மேசையின் பெருமை. ஆனால் சைவம் சாப்பிடுகிறவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஜார்ஜியத் திருச்சபையில் நோன்பு நாள்கள் அதிகம் என்பதால் இறைச்சி இல்லாத பண்டங்கள் நிறைய உருவாகியிருக்கின்றன. வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், கீரையையும் வால்நட்டையும் சேர்த்துப் பிசைந்த ப்காலி, மண்சட்டியில் வெந்த அவரை விதை என்று பல. பூண்டும் கொத்தமல்லித் தழையும் வெந்தய இனத்து மசாலாவும் தாராளமாக விழுவதால் தமிழ் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. அம்பர் ஒயினின் துவர்ப்பு இந்த வால்நட் பண்டங்களோடு சேரும்போது அடங்கி வழிக்கு வருகிறது. தனியே ருசித்தபோது பிடிக்காத ஒயின், சாப்பாட்டோடு பிடித்துப்போவது காகேதியில் சாதாரணம்.

மது அருந்தாதவர்கள் இந்த மாகாணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று நினைத்தால் அது பெரிய இழப்பு. குயவர் வேலை, மடங்கள், அறுவடை எல்லாம் பொதுவானவை. அறுவடைக் காலத்தில் வீட்டு முற்றங்களில் சுர்ச்கேலா செய்வார்கள். வால்நட்டை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி எடுத்துத் தொங்கவிடுவார்கள். ஒரு பூச்சு காய்ந்ததும் மறுபடி முக்குவார்கள். மாதக்கணக்கில் கெடாது. வீட்டுக்கு வாங்கி வர இதைவிட நல்ல தின்பண்டம் அங்கே இல்லை.

போக ஏற்ற காலம் இரண்டு. செப்டம்பர் கடைசியில் போனால் அறுவடை பார்க்கலாம். ஆனால் வீட்டுக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது, விடுதிகளும் நிரம்பியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தாழிகள் திறக்கப்படுகின்றன, மே மாதத்தில் திபிலிசியில் புதிய ஒயின் விழாவும் நடக்கும். ஒயினை அறிந்துகொள்ளப் போகிறவருக்கு வசந்தமே மேல்.

இந்தியா திரும்பும் பயணி ஒருவர் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மில்லி புட்டியில் இரண்டு வாங்கினால் கணக்குக்குள் நிற்கும், மூன்றாவது புட்டியோடு கணக்கு தாண்டிவிடும். அந்த இரண்டையும் விமான நிலையக் கடையில் வாங்காமல், தாழியைத் திறந்து காட்டிய வீட்டிலேயே வாங்குங்கள். ஒன்று சப்பெராவி, ஒன்று கிசி. துணியில் நன்றாகச் சுற்றி, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள்.